இரண்டு பெட்டியும் .32 தானே?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் அப்பா காலமானார். அவருடைய லைசென்ஸ் ரிவால்வர் பீரோவில் இருக்கிறது. அதில் '.32' என்று பொறித்திருக்கிறது. கூடவே இரண்டு தோட்டாப் பெட்டிகள்: ஒன்றில் '7.65×23', மற்றதில் '7.65×17'. இரண்டும் ஒன்றுதான் என்கிறான் அண்ணன். அப்படியா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் அவசரமான விஷயம். லைசென்ஸ்தாரர் காலமான பிறகு ரிவால்வரையும் தோட்டாக்களையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆயுதச் சட்டப்படி பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். உங்களில் யாருக்காவது லைசென்ஸ் வேண்டுமென்றால் அதற்கு அப்புறம் விண்ணப்பிக்கலாம்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். அண்ணன் சொல்வது தவறு, ஆபத்தான தவறும்கூட. அண்ணா சாலையில் ஒரு துப்பாக்கிக் கடையில் 26 வருடம் ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதியவன் நான். ஒருமுறை ஒரு பெரியவர் பிஸ்கட் டப்பா நிறைய தோட்டாக்களைக் கொண்டுவந்து, "எல்லாம் முப்பத்திரண்டுதான் தம்பி" என்றார். நியூஸ்பேப்பரை விரித்து ஒவ்வொன்றாக நிற்க வைத்தேன். இரண்டு வரிசை வந்தது. ஒரு வரிசை மற்றதைவிட ஏழு மில்லிமீட்டர் உயரம். பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

.32 அங்குலக் கணக்கு, 7.65 மில்லிமீட்டர் கணக்கு. ஆனால் .32 அங்குலத்தை மாற்றிப் பாருங்கள், 8.1 வரும். தோட்டாவின் முனையிலிருந்து பாய்ந்து போகும் குண்டையே அளந்தால் ஏறக்குறைய 7.9. ஆக, இரண்டு எண்ணுமே குண்டின் சரியான அளவைச் சொல்வதில்லை. பெருக்கல் குறிக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது பித்தளைக் கூட்டின் நீளம்.

'23' என்று போட்டது ரிவால்வருக்கானது: .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், 1896-இல் வந்தது. அடியில் விளிம்பு நன்றாக வெளியே நீட்டி நிற்கும். சிலிண்டர் துளையில் தோட்டாவைத் தாங்கி நிறுத்துவது அதுதான். கோல்ட் என்ற துப்பாக்கிக் கம்பெனி போட்டியாளர் பெயரைப் போட மனமில்லாமல் இதையே 'கோல்ட் நியூ போலீஸ்' என்று விற்றது. '17' என்று போட்டது, சுழலும் சிலிண்டர் இல்லாத பிஸ்டலுக்காக ஜான் பிரௌனிங் 1899-இல் வடிவமைத்தது. ஐரோப்பாவில் அதற்கு 7.65 பிரௌனிங் என்று பெயர், அமெரிக்காவில் .32 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்).

17-க்கும் லேசான விளிம்பு உண்டு. அதனால் சில ரிவால்வர்களில் அது உள்ளே போய் நின்றுகூட விடும். எனக்குப் பயமே அங்கேதான். வெடிக்கும்போது அதன் அழுத்தம் 23-ஐவிட அதிகம். ரிவால்வர் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

.38-இலும் இதே கூத்துதான். .38 ஸ்பெஷலின் குண்டு உண்மையில் .357 அங்குலம். அதன் கூட்டை நீட்டி, பலத்தையும் ஏற்றி 1935-இல் கொண்டுவந்த தோட்டாவுக்குத்தான் .357 மேக்னம் என்று பெயர் வைத்தார்கள்.

அண்ணனிடம் சொல்லுங்கள், ரிவால்வரைத் திறந்து எதையும் போட்டுப் பார்க்க வேண்டாம். காவல் நிலையத்துக்கு முதலில் போன் செய்து விவரம் சொல்லிவிடுங்கள். ஒப்படைக்கும்போது இரண்டு பெட்டிகளையும் தனித்தனியாக எண்ண வைத்து, 23 எத்தனை, 17 எத்தனை என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.