டொமினிக்காவில் ஆளுக்கு 17 லட்சம் டாலர் வருமானமா?

டொமினிக்காவில் ஆளுக்கு ஆண்டு வருமானம் 17 லட்சம் டாலர் என்று உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு நாடுகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். நீங்கள் போட்டிருக்கும் 70,000 என்ற மக்கள்தொகை, டொமினிக்கா என்ற சின்னக் கரீபியத் தீவு நாட்டுடையது. 12,000 கோடி டாலர் மொத்த உள்நாட்டு உற்பத்தியோ டொமினிக்கன் குடியரசு என்ற வேறொரு நாட்டுடையது. அங்கே வாழ்பவர்கள் ஒரு கோடிக்கும் மேல். அந்த 12,000 கோடியை இந்த 70,000ஆல் வகுத்தால் 17 லட்சம் வராமல் என்ன செய்யும்?

மக்கள்தொகை, உற்பத்தி அட்டவணைகளை நாட்டின் பெயரை வைத்து இணைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெயரை விட்டுவிட்டு நாடுகளுக்கான மூன்றெழுத்துக் குறியீட்டால் இணையுங்கள். டொமினிக்காவுக்கு டி.எம்.ஏ., குடியரசுக்கு டி.ஓ.எம்.

பிறகு அட்டவணையில் டொமினிக்காவின் வரிசையில் தலைநகரையும் நாணயத்தையும் பாருங்கள். ரோசோ, கிழக்குக் கரீபிய டாலர் என்றிருந்தால் சரி. சாண்டோ டொமிங்கோ, பெசோ என்றிருந்தால் இன்னும் குடியரசில்தான் நிற்கிறீர்கள். உங்கள் குறிப்பில் வரும் பேஸ்பால் வீரர்களும் அங்கிருந்து வந்தவர்களே, டொமினிக்காவில் கிரிக்கெட்தான். 2023 ஜூலையில் அஸ்வின் 12 விக்கெட் எடுத்த டெஸ்ட் நடந்தது இதே ரோசோவில்.

ஒரு எச்சரிக்கை. 2017 செப்டம்பரில் மரியா புயல் டொமினிக்காவைப் புரட்டிப் போட்டது. கூரைகளோடு வாழைத் தோட்டங்களும் போயின. பலர் ஊரைவிட்டே வெளியேறினார்கள். ஆகவே மக்கள்தொகையை ஓர் ஆண்டிலிருந்தும் உற்பத்தியை வேறோர் ஆண்டிலிருந்தும் எடுக்காதீர்கள். முதலீடு செய்து டொமினிக்கா பாஸ்போர்ட் வாங்கும் வெளிநாட்டவர்களையும் மக்கள்தொகையோடு கூட்டிவிட வேண்டாம். அவர்களில் பெரும்பாலோர் அங்கே குடியிருப்பதில்லை.