அஷ்யூரில் (மைக்ரோசாஃப்டின் கிளவுட்) டெம்ப்ளேட் வைத்து விஎம் (மெய்நிகர் கணினி) ஏற்றுவது: கேள்வி பதில்

ஒரு சின்ன லினக்ஸ் விஎம்தான் வேண்டும். அதற்கு டெம்ப்ளேட்டில் ஏன் அண்ணா இத்தனை ரிசோர்ஸ்?

டெம்ப்ளேட் என்பது அஷ்யூரில் என்னென்ன ரிசோர்ஸ் (உருவாக வேண்டிய பொருள்கள்) வேண்டும் என்று எழுதிவைக்கும் ஃபைல். விஎம் தனியாக நிற்காது. அதற்கு ஒரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸ், அது உட்கார ஒரு சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி), சப்நெட்டைச் சுற்றி ஒரு விநெட் (மெய்நிகர் நெட்வொர்க்), வெளியிலிருந்து வர பப்ளிக் ஐபி, யாரை உள்ளே விடலாம் என்று சொல்ல என்எஸ்ஜி (நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப்). அஷ்யூரின் வலைப்பக்கமான போர்ட்டலில் கிளிக் செய்தாலும் இதெல்லாம் உருவாகத்தான் செய்கிறது, நாம் கவனிப்பதில்லை. டெம்ப்ளேட்டை ஜேசன் வடிவத்தில் எழுதினால் எது முதலில் வர வேண்டும் என்று நாமே எழுத வேண்டும். டெம்ப்ளேட் எழுதவே உள்ள மொழியான பைசெப்பில் ஒரு ரிசோர்ஸின் ஐடியை இன்னொன்றில் குறிப்பிட்டாலே வரிசையை அது பார்த்துக்கொள்ளும். புதியவர்கள் பைசெப்பிலேயே தொடங்குங்கள்.

பழைய டெம்ப்ளேட்டை ஓட்டினால் பப்ளிக் ஐபியிலேயே நின்றுவிடுகிறது சார்.

அதில் எஸ்கேயு (எந்த ரகம் என்பது) 'பேசிக்' என்று இருக்கும், பாருங்கள். பேசிக் ஐபியை மைக்ரோசாஃப்ட் 2025 செப்டம்பர் 30-உடன் நிறுத்திவிட்டது. 'ஸ்டாண்டர்ட்' என்று மாற்றுங்கள், கூடவே ஐபி ஒதுக்கும் முறையில் 'டைனமிக்' என்பதை 'ஸ்டாட்டிக்' ஆக்குங்கள், இல்லையென்றால் அடுத்த பிழை அங்கே வரும். அப்புறம், ஸ்டாண்டர்ட் ஐபி என்எஸ்ஜி அனுமதிக்காமல் யாரையும் உள்ளே விடாது, அதனால் எஸ்எஸ்ஹெச்சுக்கான (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) 22-ஆம் போர்ட்டைத் திறக்க வேண்டியிருக்கும். தயவுசெய்து சோர்ஸில் நட்சத்திரம் (யாரும் வரலாம் என்று பொருள்) போடாதீர்கள், உங்கள் ஐபியை மட்டும் போடுங்கள்.

பாஸ்வேர்டை பாராமீட்டர் ஃபைலில் (டெம்ப்ளேட்டுக்கு மதிப்புகள் தரும் ஃபைல்) வைக்கலாமா?

கூடாது. அந்த ஃபைல் கோடு சேமிக்கும் கிட்டுக்குப் (Git) போகும், போனது போனதுதான். லினக்ஸுக்கு எஸ்எஸ்ஹெச் கீ போதும். பாஸ்வேர்ட் கட்டாயம் என்றால் வகையை 'செக்யூர்ஸ்ட்ரிங்' என்று வைத்து, மதிப்பை அஷ்யூரின் ரகசியப் பெட்டகமான கீ வால்ட்டிலிருந்து எடுங்கள்.

அதே டெம்ப்ளேட்டை மறுபடி ஓட்டினால் இருக்கிற விஎம் போய்விடுமா?

போகாது. வழக்கமான முறை 'இன்கிரிமென்டல்', டெம்ப்ளேட்டில் இல்லாததை அது தொடாது. 'கம்ப்ளீட்' முறைதான் ஆபத்து: டெம்ப்ளேட்டில் எழுதாத எதையும் ரிசோர்ஸ் குரூப்பிலிருந்து (ரிசோர்ஸ்களை ஒன்றாக வைக்கும் தொகுப்பு) அழித்துவிடும்.

ஆனால் இன்கிரிமென்டலிலும் ஒரு பொறி இருக்கிறது, பலரும் இதில்தான் விழுகிறார்கள். அவசரத்துக்கு யாரோ போர்ட்டலில் போய் 443-ஆம் போர்ட்டை (ஹெச்டிடிபிஎஸ்) திறந்துவிடுகிறார், தளம் வேலை செய்கிறது, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த டெப்ளாய்மென்டில் (டெம்ப்ளேட்டை ஓட்டும்போது) என்எஸ்ஜியின் விதிப் பட்டியல் முழுவதும் டெம்ப்ளேட்டில் உள்ளபடி திரும்ப எழுதப்படும், 443 காணாமல் போகும், காரணம் தேடியே அரை நாள் ஓடிவிடும். கையால் எதை மாற்றினாலும் அன்றைக்கே டெம்ப்ளேட்டிலும் எழுதுங்கள். ஓட்டும் முன் 'வாட்-இஃப்' கட்டளையைக் கொடுத்தால் எது சேரும், எது மாறும், எது அழியும் என்று காட்டிவிடும். அதைப் படிக்காமல் டெப்ளாய் செய்யாதீர்கள்.

விஎம்முக்குள் போய் ஷட்டவுன் செய்துவிட்டேன், பில் ஏன் இன்னும் ஏறுகிறது?

ஓஎஸ் மட்டும்தான் நின்றிருக்கிறது, இயந்திரம் இன்னும் உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டே இருக்கிறது. போர்ட்டலில் ஸ்டாப் கொடுங்கள், நிலை 'டீஅலோகேட்டட்' என்று வர வேண்டும். அப்போதும் டிஸ்குக்கும் ஐபிக்கும் காசு உண்டு. விஎம்மை அழித்தாலும், டெம்ப்ளேட்டில் டிஸ்கின் டிலீட் ஆப்ஷனைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் டிஸ்க் அப்படியே கிடக்கும். சோதனைக்குப் போட்டது என்றால் வேண்டிய தரவை எடுத்துக்கொண்டு ரிசோர்ஸ் குரூப்பையே அழித்துவிடுங்கள், டெம்ப்ளேட் கையில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.