கோபம் சரி, காட்சி வேறு

கேள்வி: ‘அப்சர்வ் அண்ட் ரிப்போர்ட்’ என்ற ஆங்கிலப் படத்தைக் கல்லூரியில் படிக்கும் என் மகன் நண்பர்களோடு பார்த்து விழுந்து விழுந்து சிரித்தானாம். சரி, நாமும் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மால் செக்யூரிட்டி ஒருவன் கண்ணில் பட்டவரையெல்லாம் அடிக்கிறான், கடைசியில் கையில் ஆயுதமே இல்லாத ஒருவனைச் சுட்டுவிட்டு ஹீரோ ஆகிறான். மனநோயாளியைக் கேலிப்பொருளாக்கி, வன்முறைக்குக் கைதட்டும் இந்தப் படத்தைப் போய் ‘டாக்ஸி டிரைவர்’ வரிசையில் வைத்துப் பேசுகிறார்களே, நியாயமா?
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் விழ வேண்டிய இடத்தில் அது விழவில்லை. இந்தப் படத்தில் மன்னிக்கவே முடியாத காட்சி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், மனநோயாளியைக் கேலி செய்கிறது என்ற குற்றச்சாட்டு. இதை நான் ஏற்க மாட்டேன். ஜோடி ஹில் எழுதி இயக்கி 2009 ஏப்ரலில் வெளிவந்த படம் இது. சேத் ரோகன் நடித்திருக்கும் ரானி, ஒரு ஷாப்பிங் மாலின் தலைமைக் காவலாளி. மனநிலை உச்சிக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். வீட்டில் குடிக்கு அடிமையான அம்மா. மாலின் பார்க்கிங்கில் பெண்கள் முன்னால் ஆடையை விலக்கிக் காட்டிவிட்டு ஓடும் ஒருவனைப் பிடித்தே தீருவேன் என்று கிளம்புகிறான் ரானி. அப்படியே போலீஸ் வேலையிலும் சேர்ந்துவிடலாம் என்று கனவு. நடுவில் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறான். போலீஸ் வேலைக்கான உளவியல் சோதனையில் அவன் பேசுவதைக் கேட்டாலே போதும், இவன் கையில் அரசாங்கம் துப்பாக்கி தராது என்பது நமக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு மட்டும்தான் தெரியாது.

அந்தச் சோதனையின் முடிவு வந்ததும் ரே லியோட்டா நடித்திருக்கும் துப்பறியும் அதிகாரி அவனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். இந்தக் காட்சியைத் தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள். அதே அறையில் இன்னொரு போலீஸ்காரர் மறைந்திருக்கிறார். நீ தேறவில்லை என்று சொல்லும்போது இந்த ஆள் நொறுங்குவதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும், அதற்காகவே செய்த ஏற்பாடு. ஆனால் பாதியிலேயே அவர் வெளியே வந்துவிடுகிறார். வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தேன், பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதுவரை நாமும் ரானியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதானே இருந்தோம்? ஒளிந்திருந்த அந்த ஆளுக்கு வந்த கூச்சம் நமக்கும் வரவேண்டும் என்றுதான் இயக்குநர் அதை அங்கே வைத்திருக்கிறார். நோயாளியைக் கேலி செய்ய நினைக்கிறவர் இந்தக் காட்சியை எழுதியிருக்க மாட்டார்.

ரானியின் வேலையையும் கொஞ்சம் யோசியுங்கள். அமெரிக்காவில் தனியார் மால் காவலாளிக்குப் பொதுவாகப் போலீஸ் அதிகாரம் கிடையாது. கவனிக்க வேண்டும், தகவல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். படத்தின் தலைப்பே அந்தக் கட்டளைதான். சீருடை உண்டு, பெல்ட் உண்டு, வாக்கிடாக்கி உண்டு. அதிகாரம் மட்டும் இல்லை. அது இல்லாத ஏக்கம்தான் ரானியை உள்ளே அரிக்கிறது. இதை இத்தனை கூர்மையாகப் பிடித்த இன்னொரு நகைச்சுவைப் படத்தை நான் பார்த்ததில்லை.

படம் வந்த நேரமும் அதற்குப் பாதகமாகிவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் கெவின் ஜேம்ஸ் நடித்த ‘பால் பிளார்ட்: மால் காப்’ வந்து, உலகம் முழுக்க 18 கோடி டாலருக்கு மேல் வசூலித்திருந்தது. குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்க்கிற படம் அது. மூன்று மாதம் கழித்து இன்னொரு மால் காவலாளி வருகிறான் என்று டிக்கெட் எடுத்தவர்களுக்கு ரானி காத்திருந்தான். இந்தப் படம் 2.7 கோடி டாலர் அளவோடு நின்றுபோனது.

இப்போது வன்முறைக்கு வருவோம். ‘டாக்ஸி டிரைவர்’ தன்னைப் பாதித்த படம் என்று ஹில்லே சொல்லியிருக்கிறார். இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் அந்த 1976 படத்தின் முடிவு என்ன? டாக்ஸி ஓட்டும் டிராவிஸ் வரிசையாகச் சுட்டுத் தள்ளுகிறான். பத்திரிகைகள் அவனை வீரனாக்குகின்றன. அவன் மீட்ட சிறுமியின் பெற்றோர் நன்றிக் கடிதம் எழுதுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஸ்கார்செஸி கொலைக்குக் கைதட்டுகிறார் என்று நீங்கள் எனக்கு எழுத மாட்டீர்கள். ரானியும், தான் தேடிக்கொண்டிருந்த அந்த ஆள் அம்மணமாக ஓடிவரும்போது அவனை மாலுக்குள்ளேயே, கிட்டத்தில் நின்று சுடுகிறான். ரத்தம் தெறிக்கிறது. சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சட்டென்று தொண்டை அடைக்கும். ஆனால் அடுத்த சில நிமிடங்களில் ரானிக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடுகிறது, டிவி கேமரா முன்னால் நின்று பேசுகிறான். செய்தது சரி என்று அந்த ஊர் எவ்வளவு சுலபமாக முடிவுகட்டிவிடுகிறது என்பதைத்தான் படம் காட்டுகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஸ்கார்செஸி கடைசி நொடியில் டிராவிஸின் கண்ணைக் காரின் கண்ணாடியில் காட்டிவிட்டுப் போகிறார். இவன் குணமாகவில்லை, மறுபடியும் செய்வான் என்ற பயத்தோடு நாம் எழுந்து வருகிறோம். ஹில் அந்தப் பயத்தைக் கொடுக்கத் தவறிவிட்டார். அதனால் உங்கள் மகனும் அவன் நண்பர்களும் ரானி ஜெயித்துவிட்டான் என்று நினைத்திருந்தால், பழியில் ஒரு பங்கு இயக்குநருக்கும் உண்டு.

இந்தப் பயம் ஏன் அவசியம் என்கிறேன்? 2012 பிப்ரவரி 26 அன்று, ஃபுளோரிடாவின் சான்ஃபோர்ட் நகரத்தில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. சுட்டவர் ஜார்ஜ் சிம்மர்மேன், குடியிருப்பின் தன்னார்வக் காவல் குழுவைச் சேர்ந்தவர். பையனைப் பின்தொடர்கிறேன் என்று அவர் போலீஸுக்குப் போன் செய்தபோது, நீங்கள் அதைச் செய்யத் தேவையில்லை என்று மறுமுனையில் சொன்னார்கள். பார்த்தாயிற்று, தகவலும் கொடுத்தாயிற்று. காவல் பார்ப்பவரின் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும் ஒரு பையனின் உயிர் போனது. தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார் சிம்மர்மேன். 2013 ஜூலையில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. படம் அந்தப் பையன் கொல்லப்பட்டதற்குக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் முந்தியது. இன்றைக்குப் பார்க்கும்போது ரானியின் துப்பாக்கி எனக்குக் கற்பனையாகத் தெரியவில்லை.

சரி, நீங்கள் எழுதாமல் விட்ட காட்சி. மாலில் மேக்கப் கவுன்ட்டரில் வேலை செய்யும் பிராண்டியை ரானி வெளியே சாப்பிடக் கூட்டிப்போகிறான். ஆனா ஃபாரிஸ் என்ற நடிகை நடித்த பாத்திரம். அவள் டெக்கீலாவைக் குடித்துக் குடித்து, ரானியின் மனநோய் மாத்திரைகளையும் வாங்கி விழுங்குகிறாள். நிற்கக்கூட முடியாமல் தள்ளாடுகிறாள். அடுத்த ஷாட்டில் படுக்கை. தலையணையில் வாந்தி. அவள் நினைவில்லாமல் கிடக்கிறாள், ரானி அவள் மேல் இருக்கிறான். ஒரு கணம் அவன் நிறுத்துகிறான். உடனே அவள் கண்ணைக்கூடத் திறக்காமல், ஏன் நிறுத்தினாய் என்று கெட்ட வார்த்தையோடு கேட்கிறாள். தியேட்டரில் சிரிப்பு.

இது பாலியல் வன்முறை. சுயநினைவு இல்லாதவள் சம்மதம் தர முடியாது. வெளிவந்த சமயத்திலேயே அமெரிக்காவில் இந்தக் காட்சிக்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. அந்த ஒரு வசனம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறது என்ற பொருள்பட ரோகனே அப்போது ஒரு பேட்டியில் பேசினார். என்ன சரியாகிவிட்டது? அவள் குழறிய ஒரு வரி, அதற்கு முன்னால் நடந்ததை எப்படி அழிக்கும்? அதை அவள் வாயில் திணித்ததே ரானியைக் காப்பாற்றத்தான், சிரித்த நம்மையும் சேர்த்துக் காப்பாற்றத்தான். மறைந்திருந்த போலீஸ்காரரை வெளியே வரவைத்து நம்மைக் கூச வைத்த அதே இயக்குநர், இங்கே நம்மைத் தப்பிக்க விடுகிறார். அந்த வசனம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ரானி யார் என்பது அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். படத்துக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அதன் பிறகும் பிராண்டியை மட்டமானவளாகவே காட்டி, கடைசியில் எல்லார் முன்னாலும் ரானியைக் கொண்டே அவளை ஒதுக்கித் தள்ளவும் வைக்கிறது. எனக்குப் படத்தின் மேல் தீராத மனத்தாங்கல் இதுதான். ‘டாக்ஸி டிரைவர்’ பக்கத்தில் இதை வைக்க நான் தயங்குவதும் இதனால்தான். நீங்கள் சொல்லும் அடிதடியால் அல்ல.

மகனைத் திட்டாதீர்கள், படத்தைப் பார்க்காதே என்று தடை போடவும் வேண்டாம். அடுத்த முறை அவன் ஊருக்கு வரும்போது, படுக்கையறைக் காட்சியில் நீயும் உன் நண்பர்களும் சிரித்தீர்களா என்று நேராகக் கேளுங்கள். கூட உட்கார்ந்து பார்த்தவர்களில் பெண்கள் இருந்தார்களா, அவர்கள் சிரித்தார்களா என்றும் கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.