கண்ணில் சிரிக்கும் முகங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்குப் பதினாறு வயது. மாங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதைகளும் அனிமே என்ற அவர்களுடைய அசைவுப்படங்களும்தான் அவன் உலகம். நான் எதைக் கேட்டாலும் (^_^) அல்லது (;_;) என்றுதான் கைபேசியில் பதில் வருகிறது. அவன் உறங்கிய பிறகு கைபேசியை எடுத்துப் பார்த்தேன். நண்பர்களிடமும் இதே கதைதான். அமெரிக்கர்கள் முகக்குறிகளில் வாயை வைத்து உணர்ச்சியைக் காட்டுகிறார்கள், ஜப்பானியர் கண்ணை வைத்துக் காட்டுகிறார்கள், காரணம் ஜப்பானியர் உணர்ச்சியை மறைத்துப் பழகியவர்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஹலோ கிட்டி என்ற ஜப்பானியப் பூனைப் பொம்மைக்கு வாயே இல்லாததும் அதனால்தானா? கண்ணின் பேச்சை நம் முன்னோரும் பாடியிருக்கிறார்களே, அப்படியென்றால் நாமும் ஜப்பானியரைப் போன்றவர்களா? என் மகன் மனத்தைப் பூட்டிக்கொள்பவனாக ஆகிவிடுவானோ என்று அஞ்சுகிறேன். தமிழ்ப் பாடத்திலும் மதிப்பெண் குறைந்துவிட்டது.

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

மகன் உறங்கும்போது அவன் கைபேசியைத் திறந்து படித்திருக்கிறீர்கள். இனி ஒருபோதும் செய்யாதீர்கள். பிள்ளை மனத்தைப் பூட்டிக்கொள்வானோ என்று அஞ்சுகிற தாய் செய்கிற காரியமா இது? அவனுக்குத் தெரியவந்தால் நீங்கள் அஞ்சியது அன்றைக்கே நடந்துவிடும்.

கடிதத்தை ஒதுக்கிவைக்க முடியவில்லை. இந்த முகக்குறிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிறிய கேள்விகளை முடித்துவிடுகிறேன். ஹலோ கிட்டி 1974-இல் சான்ரியோ நிறுவனம் உருவாக்கிய பாத்திரம். வாய் இல்லாததால், பார்க்கிறவர் மகிழ்ந்திருந்தால் அவளும் மகிழ்வதாகவும் வருந்தினால் அவளும் வருந்துவதாகவும் தோன்றும் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். எனக்கு அது போதும். நம் முன்னோரை இதில் இழுக்காதீர்கள். எதைக் கண்டாலும் ‘நம்மிடமும் உண்டு’ என்று ஓடுகிற பழக்கத்தால், பிறர் செய்ததை அதனதன் இடத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமையே நமக்கு இல்லாமல் போய்விட்டது. கிழக்கு, மேற்கு என்று சுவர் எழுப்புவதும் அப்படித்தான். மாங்காவின் பெரிய கண்களுக்குப் பெரும் வழி திறந்த ஓவியர் தெசுகா ஒசாமு டிஸ்னியின் படங்களில் ஊறியவர். அவர் வளர்ந்த தகராசுகா ஊரின் பெண்கள் நாடகக் குழுவுக்கும் அந்தக் கண்களில் பங்கு உண்டு.

இனி ‘மறைக்கிறார்கள்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர் :-) என்ற குறியை முன்வைத்தார். கணினி வழியே எழுதிக்கொள்பவர்கள் வேடிக்கையை வேடிக்கை என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதே நோக்கம். வேடிக்கை அல்லாததற்கு :-( என்றார். எழுதிய வாக்கியத்தின் மேல் ஒட்டும் சீட்டாகத்தான் அந்தக் குறி பிறந்தது. ஜப்பானில் 1986-இல் ஆஸ்கி நெட் என்ற கணினி வலையமைப்பில் (^_^) வந்தது. இதைப் பார்க்கத் தலையைச் சாய்க்க வேண்டாம். நேரே நிமிர்ந்து உங்களைப் பார்க்கிற முகம். :-) என்பதையும் :-( என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கண் மாறவில்லை, வாய்தான் திரும்பியிருக்கிறது. உங்கள் மகன் அனுப்பும் இரண்டையும் அப்படியே வைத்துப் பாருங்கள். வாய் அதே கோடு. கண்ணில்தான் சிரிப்பும் அழுகையும்.

இதற்கு மேல் ஒரு குறி உண்டு: (^_^;). கண் சிரிக்கிறது, கன்னத்தோரம் ஒரு வியர்வைத் துளி. மாங்கா படிப்பவர்களுக்கு அந்தத் துளி பழக்கமானது. நெற்றியில் புடைக்கும் நரம்பு கோபம், முகத்தின் மேல்பாதியில் விழும் செங்குத்துக் கோடுகள் மனச்சோர்வு, மூக்கிலிருந்து ஊதிப் பெருகும் குமிழ் உறக்கம். பல பத்தாண்டுகளாகப் பழகிய அந்த வாசிப்புதான் விசைப்பலகைக்கு வந்தது.

தொண்ணூறுகளின் இறுதியில் நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துவந்தேன். எங்களிடம் தோல் வாங்கியவர்களில் ஒருவர் ஹிமேஜியில் இருந்தார். ஜப்பானில் தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கிருந்து எழுதியவர் வயதில் மூத்த ஒரு பெண்மணி. ஆங்கிலம் அவருக்கு அதிகம் வராது. ‘நிறம் மாதிரியோடு பொருந்தவில்லை. ஏற்க முடியாது.’ அவ்வளவுதான் எழுதுவார். வாக்கியம் கல்லாக இருக்கும். அதன் கீழே (^_^;) இருக்கும். இதைச் சொல்ல நேர்ந்ததில் எனக்குச் சங்கடம், ஆனாலும் சொல்லியாக வேண்டும் என்ற அத்தனையும் அந்த ஒரு துளியில் இருந்தது. எங்கள் ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் முழுப் பக்க ஆங்கிலத்தில் திட்டுவார்கள், கடைசியில் :-) போடுவார்கள். அது வாக்கியத்தைக் கொஞ்சம் தணிக்கும், எழுதியவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று சொல்லாது. என் அம்மா இறந்தபோது ஹிமேஜியிலிருந்து இரண்டு வரி வந்தது, அதன் கீழே (_ _). கண் மூடிக் குனிந்த தலை. அன்று வந்த நீண்ட இரங்கல் கடிதங்களில் ஒன்றுகூட எனக்கு இப்போது நினைவில் இல்லை.

இந்தப் பெண்மணி எதை மறைத்தார், சொல்லுங்கள்? சங்கடம், தயக்கம், மன்னிப்பு, தலைவணக்கம் என்று இரண்டு மனிதர்களுக்கு நடுவே நிகழும் உணர்ச்சிகளுக்கெல்லாம் முகம் வரைந்து வைத்திருக்கிறவர்களைப் பார்த்து ‘உணர்ச்சியை மறைப்பவர்கள்’ என்று எழுத எப்படி மனம் வருகிறது?

நீங்கள் படித்த கட்டுரை எதை வைத்து எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. யூகி மசாகி, வில்லியம் மாடக்ஸ், மசுதா தகஹிகோ மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. சிரிக்கும் கண்ணோடு சோகமான வாய், சோகமான கண்ணோடு சிரிக்கும் வாய் என்று கலந்த முகங்களை இரு நாட்டு மாணவர்களிடமும் காட்டினார்கள். அமெரிக்கர்கள் வாயை நம்பினார்கள், ஜப்பானியர்கள் கண்ணை. வாயை நினைத்தபடி வளைக்கலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசைகளை அப்படி ஆட்டிவைப்பது கடினம். உணர்ச்சியை அடக்கிப் பேசுவது வழக்கமாக உள்ள இடத்தில் மக்கள் கண்ணைப் பார்க்கப் பழகுகிறார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம். இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அடக்கிப் பேசுகிறவர் எதிரில், அவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்று கண்ணுக்குள் தேடுகிறவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் எங்கே போனார்? ஒரே மனிதர்தான் இரண்டும் செய்கிறார். தான் பேசும்போது அடக்கமாகப் பேசுகிறார், பிறர் பேசும்போது கூர்ந்து பார்க்கிறார். கேட்பவர் இவ்வளவு உழைக்கிற இடத்தில் பேசுகிறவர் கத்த வேண்டியதில்லை.

எமோஜியிலும் இதே கதை தொடர்ந்தது. 1999-இல் ஜப்பானின் டோகோமோ கைபேசி நிறுவனத்துக்காகக் குரிதா ஷிகேதகா அமைத்த 176 குறிகளில், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிக் கட்டத்துக்குள், மாங்காவின் வியர்வைத் துளிகளும் கோப நரம்பும் இருந்தன. 2010-இல், கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடு எமோஜிகளை ஏற்ற பிறகு அவை உலகத்துக்கே போயின. படிக்கும் பழக்கம் கூடவே போகவில்லை. மூக்கில் குமிழோடு உறங்கும் முகத்தைப் பலர் அழுகை என்று நினைத்து அனுப்புகிறார்கள். உங்கள் மகனிடம் காட்டுங்கள், அவன் உறக்கம் என்பான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் பக்கம் பக்கமாகப் படித்துக் கற்றது அது. அவன் எதையும் பூட்டவில்லை, க. அம்மாவிடம் (;_;) என்று எழுதுகிற பதினாறு வயதுப் பையன்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அது வந்த நாளில் நீங்கள் திருப்பி என்ன எழுதினீர்கள்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த முறை வந்தால் என்ன நடந்தது என்று கேளுங்கள். (^_^;) வந்தால், சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்குகிறான் என்று பொருள்; அப்போது துருவாமல் ஒரு நாள் பொறுத்திருங்கள்.

தமிழ் மதிப்பெண்ணுக்கு மாங்காமேல் பழி போடாதீர்கள். விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். இலக்கணத்திலா, செய்யுளிலா, கட்டுரையிலா, எதில் தவறுகிறான் என்று அவன் ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.