எல்லோரும் எப்படி வளர்ந்தார்கள்? தேர்தல் முடிவு பற்றிய கேள்வி பதில்

வடசென்னை வாசகர் வட்டத்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவி: ஐயா, சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்ததும் எல்லாத் தலைவர்களும் "எங்கள் கட்சி வளர்ந்திருக்கிறது" என்கிறார்கள். எல்லோரும் எப்படி வளர முடியும்?

இடங்களைச் சொல்கிறார்களா, வாக்குகளைச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள் அம்மா. காங்கிரஸ் 2016-ல் 41 தொகுதிகளில் நின்று 8-ல் வென்றது. 2021-ல் 25-ல் நின்று 18-ல் வென்றது. வாக்கு சதவீதமோ ஏறத்தாழ 6.5-லிருந்து 4.3 ஆகக் குறைந்தது. பாஜக 2016-ல் ஓர் இடம்கூடப் பெறவில்லை, 2021-ல் 4 இடங்கள். அதன் வாக்கு 2.8 சதவீதத்திலிருந்து 2.6. நின்ற தொகுதிகள் குறைந்ததால் வாக்கு குறைந்தது. காங்கிரஸுக்குக் கூட்டணி வென்ற ஆண்டு, பாஜகவுக்கு அதிமுக துணை கிடைத்த ஆண்டு, அதனால் இடம் கூடியது. இடம் கூடியவர் இடத்தைப் பற்றி மட்டுமே பேசுவார். எத்தனை தொகுதிகளில் நின்றார்கள் என்று கேட்காமல் எந்த வளர்ச்சிக் கணக்கையும் ஏற்காதீர்கள்.

ராயபுரம், ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி: வெற்றியை ஏற்றுக்கொண்ட விதத்தில் உங்களுக்குப் பிடித்த தலைவர் யார்?

1967-ன் அண்ணா. உங்கள் ராபின்சன் பூங்காவில் 1949-ல் கொட்டும் மழையில் தொடக்கக் கூட்டம் நடத்திய கட்சி, 137 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. காங்கிரஸுக்கு 51. காமராஜரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அண்ணா என்ன செய்தார்? பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த, அந்தத் தேர்தலில் காங்கிரஸுக்கு ஆதரவு கேட்ட பெரியாரைத் திருச்சிக்கே தேடிப் போய்ச் சந்தித்தார். எத்தனை வெற்றி அறிக்கைகள் படித்தாலும் அதற்கு ஈடாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தோற்ற முதல்வர் பக்தவத்சலமோ, தமிழ்நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டன என்றார். அந்தச் சொல் என்னை இன்றும் உறுத்துகிறது. காங்கிரஸுக்கு அப்போது 41 சதவீத வாக்கு, திமுகவைவிட மயிரிழை அதிகம். இவ்வளவு பேர் தமக்கு வாக்களித்த நாட்டைப் பார்த்துப் பேசும் பேச்சா அது?

கொருக்குப்பேட்டை, தையல் வேலை செய்பவர்: 2017 இடைத்தேர்தலுக்குப் பிறகு ஆர்.கே. நகர் மக்களைப் பணத்துக்கு விலைபோனவர்கள் என்றார்கள். இன்னும் ஆறவில்லை.

ஆற வேண்டியதும் இல்லை அம்மா. சுயேச்சையாகக் குக்கர் சின்னத்தில் நின்ற தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். திமுக டெபாசிட் இழந்தது. பாஜகவைவிட நோட்டாவுக்கு அதிக வாக்கு விழுந்தது. உடனே 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. அந்த ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தலே பணப் பட்டுவாடா புகாரால் ரத்தாகியிருந்தது. பணம் புழங்கவில்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களை விட்டுவிட்டு, வீட்டுவாசலில் நின்ற பெண்களை ஏசியது அநியாயம். வென்றால் மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு, தோற்றால் விலைபோன வாக்கா?

2015-ல் ஜெயலலிதாவை ஒன்றரை லட்சம் வித்தியாசத்தில் வெல்ல வைத்ததும் இதே தொகுதிதான். 2021-ல் திமுகவைத் தேர்ந்தெடுத்ததும் இதே தொகுதிதான். யாருக்கும் அடிமைச் சீட்டு எழுதிக்கொடுக்காத தொகுதி என்றுதான் நான் இதைச் சொல்வேன். தோற்ற தலைவர்கள், 2017 டிசம்பரில் ஏன் உங்களிடம் தோற்றோம் என்று கேட்க உங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.

மண்ணடி, கடைக்காரர்: தோல்விக்குப் பொறுப்பேற்றுப் பதவியை விட்டவர் உண்டா?

உங்கள் தொகுதியிலேயே உண்டு. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் 1991-ல் நடந்த தேர்தலில் திமுக 2 இடங்களில்தான் வென்றது. கருணாநிதி துறைமுகம் தொகுதியில் 890 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார், பிறகு உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார்.

வியாசர்பாடி, இளைஞர்: தலைவர்கள் "வடசென்னை எங்கள் பக்கம்" என்கிறார்கள். எங்கள் பகுதியை மட்டும் தனியாகப் பார்க்க முடியுமா?

முடியும் தம்பி. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்பதைப் படிவம் 20 காட்டும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகம் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த வரியைத் தேடுங்கள்.