பதினொன்றாம் கிரேடில் வந்து சேர்ந்த பாம்பன் பிள்ளைக்கு

தம்பி, முதலில் அந்தக் கன்சல்டன்டுக்குப் பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள், மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ஹெச்-1பி வேலை விசாவில் குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்கு வந்திருக்கிறீர்கள். மகள் பாம்பனில் அப்பத்தாவிடம் வளர்ந்தவள், மண்டபத்தில் பத்தாவது முடித்த கையோடு இங்கே 11ஆம் கிரேடில், அதாவது இவர்கள் ஜூனியர் என்று சொல்கிற வகுப்பில், சேர்ந்திருக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஒன்பதாவதிலிருந்தே கிளப், டிபேட், ரோபாட்டிக்ஸ் என்று சேர்த்து வைத்திருக்க, இவளிடம் மார்க் ஷீட்டைத் தவிர ஒன்றுமில்லை என்கிறீர்கள். கன்சல்டன்ட் 6,000 டாலர் கேட்கிறார், காலேஜ் விண்ணப்பத்துக்கு எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி. நானும் தங்கச்சிமடத்துக்காரிதான், இங்கேயே இரண்டு பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியவள், அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் காலேஜ் அட்மிஷன் என்பது அப்பாவின் வேலை. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடை, தாலுகா ஆபீஸ், தெரிந்தவர் யாராவது ஒருவரின் சிபாரிசு என்று அவர் அலைவார், பிள்ளை வாயே திறக்காமல் பி.இ. சேர்ந்துவிடும். கட்-ஆஃப் பேசிவிடும். இங்கே பேச வேண்டியது பிள்ளை. விண்ணப்பத்தோடு பள்ளியின் கவுன்சிலர், அதாவது பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசனை சொல்பவர், ஒரு கடிதம் அனுப்புவார், பல தனியார் கல்லூரிகள் ஒன்றிரண்டு ஆசிரியர்களிடமும் கடிதம் கேட்கும், அதுவும் பெரும்பாலும் 11ஆம் கிரேடில் பாடம் எடுத்தவர்களிடம். அந்த ஆசிரியர்களுக்கு இன்னும் ஐந்து மாதத்தில் உங்கள் மகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் கையைக் கட்டி நிற்பதுதான் மரியாதை. இங்கே அப்படி உட்கார்ந்திருந்தால் இந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, அவர்கள் பழக்கம் அப்படி. அதனால் மகளிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: கணக்கு டீச்சர் ஒருவர், இங்கிலீஷ் அல்லது ஹிஸ்டரி டீச்சர் ஒருவர், இந்த இரண்டு பேரிடம் வாரம் ஒருமுறையாவது வகுப்பு முடிந்தபிறகு போய் ஒரு சந்தேகம் கேட்கட்டும். உச்சரிப்பு பற்றிக் கூச்சம் வேண்டாம். மே, ஜூனில் ‘எனக்குக் கடிதம் எழுதித் தருவீர்களா’ என்று அவளே நேரில் கேட்க வேண்டும். கவுன்சிலருக்கு மெயில் போடுவதும் அவள்தான். நீங்கள் சிசியில் இருந்தால் போதும்.

கவுன்சிலரிடம் இந்த மாதமே கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது, இதைத்தான் நம்மவர்கள் கவனிப்பதில்லை. வெளிநாட்டு மார்க் ஷீட்டைப் பார்த்து எந்த வகுப்பில் போடுவது என்று தெரியாமல், பத்திரத்துக்கு ஒரு படி கீழேயே கணக்கு வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். நம் பத்தாவது கணக்கில் ட்ரிக்னாமெட்ரி, இருபடிச் சமன்பாடு எல்லாம் படித்தவளுக்கு அது தூக்கம் வரும் வகுப்பு. அதைவிட முக்கியம், இந்த வருஷம் ப்ரீகால்குலஸ் எடுத்தால்தான் அடுத்த வருஷம் ஏபி கால்குலஸ், அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கிற கணக்கு வகுப்பு. இன்ஜினியரிங் ஆசை இருந்தால் அந்த வகுப்பு வேண்டும். இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. அல்ஜீப்ரா இரண்டில் இருந்தால், கோடையில் ப்ரீகால்குலஸ் முடிக்க வழி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தை இங்கிலீஷ் மீடியப் பதிப்பில் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோனால் பேச்சு சுலபமாகும். அப்புறம் ஜெர்சியில் பள்ளிப் படிப்பை முடிக்க 120 கிரெடிட், அதாவது பாடத்துக்கான புள்ளிகள், வேண்டும், அதில் அமெரிக்க வரலாறு இரண்டு வருஷம், ஒவ்வொரு வருஷமும் உடற்கல்வி. நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு இதில் எது பாக்கி என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தமிழ் அவளுக்குக் கைகொடுக்கும்: வேற்று மொழிக்கான கிரெடிட்டைத் தமிழில் தேர்வு எழுதி எடுக்க முடியுமா என்று கேளுங்கள், சீல் ஆஃப் பைலிட்டரசி என்கிற இருமொழிச் சான்றும் தமிழில் தேறி வாங்கியவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

சரி, ‘ஒன்றுமில்லை’ என்றீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் கடைசியில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: அப்பத்தாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கடல்பாசி எடுத்துவந்து வியாபாரியிடம் போடும்போது பேத்திதான் எடை குறித்துக் கணக்கு எழுதுவாள், ‘அதையெல்லாம் அப்ளிகேஷனில் போட முடியுமா என்ன’ என்று. தம்பி, போட வேண்டியதே அதுதான். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்துக் கட்டம் உண்டு, எதில் சேர்ப்பது என்கிற பட்டியலில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது. பத்தையும் நிரப்ப வேண்டும் என்று சட்டமில்லை. உண்மையான நான்கு போதும்.

ஒவ்வொரு கட்டத்திலும் விவரிக்க 150 எழுத்துக்குறிதான் இடம், இடைவெளியும் சேர்த்து. கன்சல்டன்ட் எழுதினால் இப்படி இருக்கும்: ‘கடலோரக் கிராமப் பெண்களின் முன்னேற்றத்துக்கு உழைத்து, தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்.’ படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் மகள் எழுத வேண்டியது: ‘பாசி எடுக்கும் பெண்களுக்கு எடை நோட்டு எழுதினேன், வியாபாரி ஈரத்துக்கும் மண்ணுக்கும் பிடித்த கழிவைச் சரிபார்த்தேன்.’ எத்தனை பெண்கள், எத்தனை வருஷம், வாரம் எத்தனை மணி நேரம் என்பதை அவள்தான் நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும், மணி நேரத்துக்கும் வாரத்துக்கும் தனியாகக் கட்டமே இருக்கிறது. கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தானே பாசிக்குப் போவார்கள், அதனால் வாரக் கணக்கு சரியாக வராது, சராசரி போட்டால் தப்பில்லை.

கட்டுரைக்கும் இதிலிருந்தே விஷயம் கிடைக்கும். அதிகபட்சம் 650 சொல். ஒரு வேண்டுகோள், கலாமைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். ராமேஸ்வரம் தீவில் பிறந்த பிள்ளைக்குக் கட்டுரை என்றதும் கை தானாக அங்கே போகும், எனக்கும் அவர் மேல் மரியாதைதான், ஆனால் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது உங்கள் மகளை. அதேபோல் 1964 புயல், தனுஷ்கோடி, ஏழ்மையிலிருந்து அமெரிக்கா வரை என்கிற கதையும் வேண்டாம், அவள் பார்க்காத புயலை அவள் எதற்குத் தூக்கிச் சுமக்க வேண்டும்? விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கிற அப்பத்தா, கரைக்கு வந்ததும் ‘எவ்வளவு கழிச்சான்?’ என்று கேட்பாள் அல்லவா, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பத்து வயதுப் பிள்ளை என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று எழுதினாலே 650 சொல் பத்தாது. இங்கிலீஷ் தடுமாறினாலும் முதல் வரைவு அவளுடையதாக இருக்கட்டும், பிறகு இங்கிலீஷ் டீச்சரிடம் காட்டலாம். சாட்ஜிபிடியில் எழுதி வாங்கிப் போடுவதைக் காமன் ஆப் மோசடிக் கணக்கில் வைத்திருக்கிறது, அதையும் காதில் போட்டு வையுங்கள்.

எஸ்ஏடி என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வு பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். இப்போது கம்ப்யூட்டரில்தான், 2 மணி 14 நிமிடம், 1600 மதிப்பெண். எம்ஐடி, ஜார்ஜியா டெக் மாதிரி இடங்கள் கட்டாயம் கேட்கும், கலிபோர்னியாவின் யூசி கல்லூரிகள் கொடுத்தாலும் பார்க்காது, நிறைய இடங்களில் உங்கள் விருப்பம். புளூபுக் செயலியில் மாதிரித் தேர்வு இலவசம், கான் அகாடமியில் பயிற்சி இலவசம். நம் பிள்ளைகளுக்குக் கணக்குப் பகுதியில் ஒரு வேடிக்கையான சிக்கல்: கால்குலேட்டர் அனுமதி உண்டு, திரையிலேயே டெஸ்மாஸ் என்கிற கால்குலேட்டர் இருக்கும், ஆனால் ஸ்டேட் போர்டில் கையாலேயே போட்டுப் பழகியதால் அதைத் தொடவே மாட்டார்கள். பழக்கிவிடுங்கள். மார்ச்சில் ஒன்று எழுதட்டும், தேவைப்பட்டால் ஆகஸ்டில் இன்னொன்று. இங்கே படித்தது இரண்டு வருஷம்தான் என்பதால் சில கல்லூரிகள் டோஃபெல் என்கிற இங்கிலீஷ் தேர்வு கேட்கலாம், ஊரில் இங்கிலீஷ் மீடியமாக இருந்தால் தலைமையாசிரியரின் கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள், பல இடங்களில் விலக்குக் கிடைக்கும்.

உங்கள் ஓட்டமெல்லாம் தேவைப்படுவது இங்கேதான். கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பார்க்கும். பத்தாவதுக்கு அரசுத் தேர்வுச் சான்றிதழ் இருக்கிறது, ஒன்பதாவதுக்கு ப்ராக்ரஸ் கார்டு ஒன்றுதான், அதையும் வீடு மாற்றும்போது எங்கே போட்டோமோ. ஊரில் யாரையாவது மண்டபம் பள்ளிக்கு அனுப்பி, பள்ளியின் லெட்டர்ஹெட்டில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களை எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி இரண்டு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். ஏப்ரல் கடைசியில் லீவு விட்டுவிட்டால் ஜூன் வரை ஆளைப் பிடிக்க முடியாது.

இனி விசா. மகள் உங்கள் விசாவை ஒட்டிய ஹெச்-4ல் இருப்பதால் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது, தெரிந்தவர் கடையில் சனி ஞாயிறு மட்டும், கையில் காசாக, என்றாலும் கூடாது. கோடையில் மற்ற பிள்ளைகள் ஐஸ்கிரீம் கடையில் நிற்பதைப் பார்த்து ஏங்கும், நூலகம், கோயில், தமிழ்ப் பள்ளி என்று தன்னார்வமாகச் செய்வதற்குத் தடையில்லை, ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிற வேலையை இலவசமாகச் செய்வதும் சிக்கல்தான். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கிற கட்டத்தைக் காலியாக விடுங்கள். எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்கிற விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவித்தொகை ஹெச்-4க்குக் கிடையாது. 21 வயதானால் உங்கள் விசாவை ஒட்டி இருக்க முடியாது, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அது பெரும்பாலும் கல்லூரி நடுவில் வந்து நிற்கும். இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு எவ்வளவு காலம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்துக் கேளுங்கள், கன்சல்டன்டுக்குக் கொடுப்பதைவிட அது பயனுள்ள செலவு.

பணம்தான் கடைசியில் கல்லூரியைத் தீர்மானிக்கும், அதை ஏன் மறைக்க வேண்டும். பல தனியார் கல்லூரிகளில் தங்குவது சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 90,000 டாலர் பக்கம் வந்துவிட்டது. எம்ஐடி, பிரின்ஸ்டன், ஹார்வர்டு, யேல், ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி சில இடங்கள் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி செய்யும், விண்ணப்பத்தைத் தேர்வு செய்யும்போது பணத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒன்றிரண்டு போடட்டும், ஆசைக்கு. நிஜமான பட்டியல் ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸிலிருந்து தொடங்கட்டும். ஜெர்சிவாசிக்கான கட்டணம் கிடைக்குமா என்பது பெரிய விஷயம், பொதுவாக 12 மாதம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், ஆகவே வாடகை ஒப்பந்தம், வரி ரிட்டர்ன் எல்லாம் பத்திரம். உங்கள் விசாவைக் குறிப்பிட்டு ஒவ்வொரு கல்லூரிக்கும் மெயிலில் கேட்டு, பதிலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எர்லி டெசிஷன் என்கிற முன்கூட்டிய விண்ணப்பத்தில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், பணக்கணக்கு தெளியாமல் அதில் கைவைக்காதீர்கள். எர்லி ஆக்‌ஷன் அப்படியில்லை, கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 1, தாராளமாகப் போடலாம்.

கம்யூனிட்டி காலேஜ் என்றதும் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு பிடிக்காது. ஜெர்சியில் இதைக் கவுன்டி காலேஜ் என்பார்கள், அங்கே அசோசியேட் என்கிற இரண்டாண்டுப் பட்டம் முடித்தால் அந்தக் கிரெடிட்டை அரசு நாலாண்டுக் கல்லூரிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மாநில ஒப்பந்தமே இருக்கிறது. இரண்டு வருஷம் வீட்டுச் சாப்பாடு, செலவும் எவ்வளவோ குறைவு, கடைசியில் கையில் வருவது அதே ரட்கர்ஸ் பட்டம். இன்ஜினியரிங்காக இருந்தால் மட்டும் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று முன்கூட்டியே பார்த்து எடுக்க வேண்டும்.

காமன் ஆப் புதிய வருஷத்துக்கு ஆகஸ்ட் 1ஆம் தேதி திறக்கும். அதற்குள் மகள் ஒரு நோட்டில் தான் செய்தவை எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதி வைக்கட்டும், பாசிக் கணக்கு மட்டுமில்லை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டது, சர்ச்சிலோ மன்றத்திலோ செய்தது, எதுவானாலும். பட்டியலும் கல்லூரிகளின் பெயரும் தயாரானதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மெயில் அவள் பெயரிலிருந்தே வரட்டும்.