அப்பா கிளைடரைக் கூண்டிலிருந்து எடுக்க வேண்டாம்

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கிறோம். ஐந்து மாதம் முன்பு ஒரே ப்ரீடரிடம் (குட்டி போட வைத்து விற்பவரிடம்) ஓர் ஆண், இரண்டு பெண் என மூன்று சுகர் கிளைடர் (மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து தாவும், கங்காரு போல வயிற்றுப்பை உள்ள சின்னப் பிராணி) வாங்கினோம். ஒரு பெண்ணின் வயிற்றுப்பையிலிருந்து குட்டி வெளியே வந்து ஆறு நாள் ஆகிறது. தாய் சாப்பிடப் போனால் ஆண் வந்து குட்டிமேல் சுருண்டு படுத்துக்கொள்கிறது. சில சமயம் மற்ற பெண்ணும் சேர்ந்துகொள்கிறது. விற்றவரோ, "ஆண் குட்டியைத் தின்றுவிடும், உடனே பிரித்து என்னிடம் கொடுங்கள், பிறகு வேறு ஆண் தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் ஆண் செய்துகொண்டிருப்பது தகப்பன் வேலை.

சுகர் கிளைடர் குட்டி பிறக்கும்போது ஒரு அரிசி மணி அளவுதான் இருக்கும். பத்து வாரம் போல தாயின் பைக்குள் வளர்ந்து வெளியே வரும்போதும் கண் திறந்திருக்காது, உடம்பில் முடியும் சரியாக இருக்காது. தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. பால் கொடுக்கிற தாய் இரவில் இறங்கிப் போய் வயிறார சாப்பிட்டே ஆக வேண்டும். அந்த நேரத்தில் குட்டிக்குச் சூடு கொடுப்பது யார்? அப்பாவும் கூட்டத்தில் உள்ள மற்றவர்களும்தான். ஆஸ்திரேலியக் காட்டில் மரப்பொந்துக்குள் கூட்டமாக வாழும் கிளைடர்களிடமும் ஆண்கள் குட்டிகளைப் பார்த்துக்கொள்வதைக் கண்டிருக்கிறார்கள். ஆணை எடுத்துவிட்டால் தாய் ஒன்று பட்டினி கிடக்கும், இல்லாவிட்டால் குட்டி குளிரில் கிடக்கும்.

"ஆண் தின்றுவிடும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். முழுப் பொய் இல்லை. குட்டியைக் கொல்கிற ஆண் பெரும்பாலும் அதன் அப்பா இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்குப் போதும். கர்ப்பம் பதினாறு நாள், பைக்குள் சுமார் எழுபது நாள். ஆக, குட்டி வெளியே தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம் பின்னால் போங்கள். அப்போது பெண்ணோடு இருந்த ஆண்தான் அப்பா. உங்களுடையவை ஐந்து மாதமாக ஒன்றாக இருக்கின்றன, கவலை இல்லை. இரண்டு மாதம் முன்பு வாங்கியவர்களுக்கு இந்த உறுதி கிடையாது. வேறு ஆணிடம் சினையான பெண்ணை, விற்பதற்கு முந்தின வாரம் ஏதோ ஓர் ஆணோடு சேர்த்து "நல்ல ஜோடி" என்று தள்ளிவிடும் தரகர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்த ஆணாக இருந்தாலும் உடனே பிரித்துவிடாதீர்கள். குட்டி பைக்குள் இருந்த காலம் முழுவதும் கூடவே தூங்கி, வெளியே வந்த பிறகும் அதை நக்கிச் சுத்தம் செய்கிறது என்றால் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். குட்டியின் காதிலோ வாலிலோ கடித்த காயம் கண்டால் மட்டும் ஆணை எடுங்கள், குட்டியை எடுக்காதீர்கள்.

இப்போது அந்த விற்பனையாளர் சொல்வதைத் திரும்பப் படியுங்கள். அப்பாவை எடுத்துவிட்டு, குட்டி இருக்கிற கூண்டுக்குள் அறியாத ஆணை விடச் சொல்கிறார். உண்மையான ஆபத்தே அதுதான். கடிபட்ட குட்டியோடு என்னிடம் வருகிறவர்களை விசாரித்தால் திரும்பத் திரும்ப இதே கதை: யாரோ சொன்னார்கள், ஆணை மாற்றினோம். உங்கள் ஆண் இனி "குட்டி போட வைத்த ஆண்" என்று கூடுதல் விலைக்குப் போகும், அவருக்கு வேண்டியது அதுதான். அடுத்து, குட்டி பழக வேண்டும் என்றால் ஐந்து வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள் என்பார். வெளியே வந்து எட்டு வாரமாவது ஆகாமல் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

இப்படி விற்பவர்களைக் கேட்பார் இல்லை. இனப்பெருக்கத்துக்கு நான்கு பெண் விலங்கு வரை வைத்துக்கொண்டு, தன் வீட்டில் பிறந்ததை மட்டும் விற்பவருக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையின் உரிமம் தேவையில்லை. நான்கு என்று யார் வந்து எண்ணுகிறார்கள்? உரிமம் இருக்கும் இடத்திலும் கூண்டு, தண்ணீர், சுத்தம் பார்ப்பார்களே தவிர, எந்தக் குட்டிக்கு யார் அப்பா என்று கேட்பதில்லை. ஒரே ஆளிடம் வாங்கிய மூன்றும் உடன்பிறப்பாக இருந்தால்? வம்சாவளியை எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் இந்தக் குட்டியோடு நிறுத்திவிட்டு ஆணுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். அதன் பிறகும் அது கூட்டத்தோடு இருக்கலாம், குட்டியைப் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், அவை தூங்கும் துணிப்பைகளை எல்லாம் ஒரே நாளில் துவைக்காதீர்கள். இவை ஒன்றை ஒன்று வாசனையால்தான் அடையாளம் காணும். ஒன்றைத் துவைக்கும்போது மற்றதை அப்படியே விடுங்கள். கூண்டை இடம் மாற்ற வேண்டாம். புரதமும் கால்சியமும் குறையாமல் கொடுங்கள். வெறும் ஆப்பிளும் உருண்டைத் தீனியும் பாலூட்டும் தாய்க்குப் போதாது.

குட்டி எப்போதாவது கூண்டின் தரையில் சில்லென்று கிடந்தால் பால் புகட்டாதீர்கள். முதலில் உள்ளங்கைக்குள் பொத்திச் சூடாக்குங்கள், பிறகு தாயும் தகப்பனும் தூங்கும் பைக்குள் விடுங்கள். அன்று இரவு அது தாயின் காம்பைப் பிடிக்கவில்லை என்றால், காலை வரை காத்திருக்காமல் கிளைடர் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் தாயையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.